பூஞ்சைத் தொற்றுக்கு மாத்திரை வாங்கும் முன் மற்ற மாத்திரைகளையும் சொல்லுங்கள்

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை நம் நீலகிரியின் தேவாலாவிலும் பந்தலூரிலும் பிடித்துக்கொண்டால், சில வாரங்களிலேயே படர்தாமரையும் சேற்றுப்புண்ணும் மருந்தகத்தைத் தேடி வரத் தொடங்கிவிடும். அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பெய்யும்போது இங்கும் அதே தொல்லைதான். நாள் முழுவதும் கம்பூட்ஸுக்குள் ஊறிய காலோடு கொழுந்து பறிப்பவர்களும், கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் இடத்தில் ஈரத்திலேயே நிற்பவர்களும், வெயில் இல்லாததால் அரைகுறையாகக் காய்ந்த உள்ளாடையையே உடுத்திக்கொள்பவர்களும் இதற்கு எளிதில் ஆளாகிறார்கள். மருந்தாளுநராகிய எனக்குத் தொற்றைவிடக் கவலை தருவது, அதற்காக விழுங்கும் மாத்திரை அவர்கள் ஏற்கெனவே சாப்பிட்டு வரும் மற்ற மாத்திரைகளோடு சேர்ந்து என்ன செய்யும் என்பதுதான்.

முதலில், அது பூஞ்சைதானா என்று தெரிய வேண்டும். தடித்து, நிறம் மாறிய நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பூஞ்சைத் தொற்று. மற்றவை அடிபட்டதாலோ, சொரியாசிஸ் போன்ற வேறு நோய்களாலோ வந்தவை. நகத்தையோ தோலையோ சிறிது சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்க்கும் எளிய பரிசோதனை ஒன்று உண்டு. மூன்று மாதம் மாத்திரை விழுங்கப் போகிறவர் அதை முன்கூட்டியே செய்துகொள்வது எவ்வளவோ மேல். பூஞ்சைக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் டெர்பினாஃபின் மாத்திரை தேமலுக்கு வேலை செய்யாது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. தேமலில் பூஞ்சை அழிந்த பிறகும் வெளிறிய நிறம் திரும்பச் சில மாதங்கள் ஆகும் என்பதால், நோய் இன்னும் போகவில்லை என்று எண்ணி மாத்திரையைத் தொடர்வதில் பயனில்லை. வெளிறிய இடத்தில் தொட்டால் உணர்ச்சி குறைவாக இருந்தால், அது தொழுநோயாக இருக்கலாம். அதற்கு அரசு மருத்துவமனையில் இலவச சிகிச்சை இருக்கிறது, தள்ளிப்போடக் கூடாது.

மாத்திரைகளில் அதிகம் விளக்க வேண்டியது இட்ராகோனசோல் காப்ஸ்யூலைத்தான். வயிற்றில் அமிலம் இருந்தால்தான் இது கரைந்து உடலில் சேரும். ஆகவே வயிறாரச் சாப்பிட்ட உடனே விழுங்க வேண்டும். காலையில் டீயும் வர்க்கியும் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு மதிய உணவுக்குப் பிறகோ இரவு உணவுக்குப் பிறகோ எடுப்பதே பொருந்தும். இங்கே குறுக்கே வருவது ‘காஸ் மாத்திரை’. மருந்தகத்தில் அடிக்கடி நடக்கும் உரையாடல் இது:

“வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களாம்மா?”

“இல்லைங்க, காஸுக்கு மட்டும் காலையில ஒண்ணு போடுவேன்.”

அந்த ‘மட்டும்’ சிறிய விஷயமல்ல. பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்றவை அமிலத்தைக் குறைப்பதால் இட்ராகோனசோல் போதிய அளவு உடலில் சேராமல் போகும். மருந்து கேட்கவில்லை என்று நோயாளியே அளவைக் கூட்டிக்கொள்ளவும் நேர்கிறது. நம் ஊரில் விற்கும் காஸ் காப்ஸ்யூல்கள் பலவற்றில் குமட்டலுக்கான டோம்பெரிடோனும் கலந்திருக்கும். இட்ராகோனசோல் அதன் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், அதனால் இதயத் துடிப்பின் ஒழுங்கு குலையலாம். எனவே இவ்விரண்டையும் சேர்த்து எடுக்கக் கூடாது. கொலஸ்ட்ராலுக்கான சிம்வாஸ்டாட்டினும் லோவாஸ்டாட்டினும் இதனுடன் சேரவே கூடாதவை. தசைகள் சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படும் ஆபத்து உண்டு. அட்டோர்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறவர்களும் மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கோ இது தலைகீழாக நடக்கும்: இட்ராகோனசோல் வேகமாகச் சிதைந்து பயனற்றுப் போகும்.

இதயம் பலவீனமானவர்களுக்கு நகத் தொற்றுக்காக இட்ராகோனசோல் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2001-லேயே எச்சரித்தது. மலையில் இருக்கும் நமக்கு இந்த எச்சரிக்கை கூடுதலாகப் பொருந்தும் என்று கருதுகிறேன். லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து) சாலைக்கு ஏறி வரும்போது மூச்சு வாங்கினால், ‘மேடு, வயசாச்சு’ என்று விட்டுவிடுவதே இங்கு வழக்கம். இந்த மருந்தை எடுக்கத் தொடங்கிய பிறகு வழக்கமான ஏற்றத்திலேயே கூடுதலாக மூச்சு வாங்கினாலோ, கணுக்கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சுத் திணறினாலோ, மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஃப்ளூகோனசோல் பெரும்பாலும் வாரம் ஒன்று என்று கொடுக்கப்படுவதால், அதை ஒரு மருந்தாகவே பலர் எண்ணுவதில்லை. ஆனால் அது உடலில் பல நாள் தங்கும். சர்க்கரை நோய்க்கு கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு, கிளிபிசைடு சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மாத்திரைகளின் வேகத்தை இது கூட்டி, சர்க்கரையைத் திடீரெனத் தாழ்த்தக்கூடும். சர்க்கரை நோயாளிகளுக்குப் பூஞ்சைத் தொற்று எளிதில் வரும் என்பதால், இந்த இரண்டு மருந்துகளும் ஒரே வீட்டில், ஒரே ஆளிடம் சேர்வது அபூர்வம் அல்ல. மதியச் சாப்பாடு தள்ளிப்போகும் தோட்ட வேலையில் வியர்த்து, கை நடுங்கி, கண் இருண்டால் உடனே சர்க்கரையோ இனிப்போ வாயில் போட்டுக்கொள்ள வேண்டும்; அது ‘பசி மயக்கம்’ என்று விட்டுவிடக் கூடாது. இதய வால்வு மாற்றிய பின் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினோ அசினோகூமராலோ எடுப்பவர்களுக்கு ரத்தப்போக்கு ஏற்படலாம். வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுகிறவர்களுக்கு அதன் அளவு ரத்தத்தில் ஏறி, தலைசுற்றலும் தள்ளாட்டமும் வரும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஃப்ளூகோனசோல் அளவையே குறைக்க வேண்டும்.

டெர்பினாஃபினில் இத்தகைய மோதல்கள் குறைவு, ஆனால் ரத்த அழுத்தத்துக்கான மெட்டோப்ரோலாலுடனும் சில மனச்சோர்வு மாத்திரைகளுடனும் மோதும். சிலருக்கு நாக்கில் ருசி மங்கிப்போகும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் திரும்பும். இதன் முக்கியக் கவலை கல்லீரல்தான். பாதிப்பு அரிதாகவே நேரும், நேர்ந்தால் கடுமையாக இருக்கலாம். அதனால் தொடங்கும் முன் கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு இந்த மருந்து பொருந்தாது. சாராயம் தொடர்ந்து குடிப்பவர் அதை மருத்துவரிடம் மறைத்தால், பரிசோதனை முடிவைச் சரியாகப் படிக்க முடியாது. பசியின்மை, ஓயாத குமட்டல், வலப்பக்க மேல் வயிற்று வலி, கட்டன் டீ நிறத்தில் சிறுநீர், மஞ்சள் கண் ஆகிய எது தென்பட்டாலும் அடுத்த மாத்திரையைப் போடாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கூடலூர், பந்தலூர் பகுதிப் பழங்குடி மக்களிடையே, ரத்தச் சிவப்பணுக்கள் எளிதில் சிதையும் அரிவாள் செல் ரத்தசோகை பரவலாக இருப்பதால், சிலருக்குக் கண் மஞ்சள் எப்போதும் இலேசாக இருக்கும். அவர்களிடம் கண்ணின் நிறத்தை மட்டும் நம்ப முடியாது, தொடக்கப் பரிசோதனை இன்னும் அவசியம்.

கீட்டோகோனசோல் மாத்திரையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கல்லீரல் பாதிப்பின் காரணமாக அமெரிக்காவும் ஐரோப்பாவும் 2013-லேயே அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்திவிட்டன. தோலுக்கு ஷாம்பூவும் கிரீமும் போதும். தலையில் பூஞ்சை வந்த குழந்தைக்கு மருத்துவர் எழுதும் கிரிசியோஃபல்வினைக் கொழுப்புள்ள உணவோடு கொடுத்தால் நன்றாகச் சேரும். ஆண்கள் அதை எடுத்தால் முடித்து ஆறு மாதங்கள் வரை குழந்தைக்கு முயலக் கூடாது. கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்கு முயல்கிறவர்களும் இந்த மாத்திரைகள் எதையும் தாங்களாகத் தொடங்கக் கூடாது. இட்ராகோனசோல் முடித்த பெண்கள் இரண்டு மாதங்கள் கர்ப்பத்தைத் தவிர்க்க வேண்டும்.

ஸ்டீராய்டு கலந்த கிரீம்களைத் தேய்த்து, அரிப்பு அடங்கியதும் நிறுத்தி, மறுபடி பரவியதும் பக்கத்து வீட்டுக்காரர் மீத்த மாத்திரையை நான்கு நாள் விழுங்குவது இங்கு சர்வசாதாரணமாக நடக்கிறது. இந்தியாவில் பரவி, 2020-ல் தனி இனமாகப் பெயரிடப்பட்ட ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்ற பூஞ்சையின் பல வகைகளுக்கு டெர்பினாஃபின் கேட்பதில்லை. இப்படிப் பாதியில் நிறுத்துவதாலும் பகிர்ந்துகொள்வதாலும் தொற்று ஒருவரிடமிருந்து குடும்பம் முழுவதற்கும் சுற்றுகிறது. வீட்டில் மற்றவர்களுக்கும் அரிப்பு இருந்தால் அனைவரும் சேர்ந்து மருத்துவரைப் பார்ப்பதே சரி. வரும்போது சீட்டை மட்டுமல்ல, சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்துப் பொட்டலம் இருந்தால் அதையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். பெயரோ ‘மில்லிகிராம்’ அளவோ நினைவில் இல்லாவிட்டாலும் அட்டை சொல்லிவிடும்.

கால் நகத்துக்கு டெர்பினாஃபின் பன்னிரண்டு வாரம், கை நகத்துக்கு ஆறு வாரம் என்பது வழக்கமான கணக்கு. மாத்திரை முடிந்த அன்று நகம் புதிதாகத் தெரியாது. கால் பெருவிரல் நகம் முழுவதும் வளர ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு ஆகும். முடிந்த பிறகும் மருந்து நகத்தில் சில மாதங்கள் தங்கி வேலை செய்வதால், நகம் இன்னும் மஞ்சளாக இருக்கிறது என்று இன்னொரு மாதத்துக்கு வாங்கிச் சாப்பிடக் கூடாது. நகத்தின் அடிப்பகுதியில் வளர்ந்து வரும் புதிய பகுதி தெளிவாக இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.