ஓடும் என்பதற்காக ஓட்டாதீர்கள்: பழைய காரும் ஹபரணை வீதியும்

மறுபடியும் மொரிஸ் மைனர் என்ற பழைய ஆங்கிலேயக் கார் ஒன்று லொறியில் ஏறி, திருகோணமலையில் இருக்கும் எங்கள் கராஜுக்கு வந்திருக்கிறது. கொழும்பில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, கந்தளாய் தாண்டியதும் எஞ்சினுக்குள் 'டொக் டொக்' என்று தட்டத் தொடங்கியதாம். இன்னும் கொஞ்சத் தூரம்தானே என்று தம்பலகாமம் வரை ஓட்டியும் வந்திருக்கிறார்கள். எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கும் தொட்டியான சம்பைக் கழற்றினால் ஒயிலில் பளபளவென்று உலோகத் தூள். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கொன்ரொட்டின் பெயாரிங் ஒன்று செம்பு தெரியுமளவுக்குத் தேய்ந்து கிடந்தது.

என்ன வேகத்தில் வந்தீர்கள் என்று கேட்டேன்.

"அறுபதுக்கு மேல ஏத்தவே இல்ல தம்பி."

ஐயா பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த மீட்டரில் இருப்பது மைல். 60 மைல் என்றால் கிட்டத்தட்ட 97 கிலோமீற்றர். நகரத்துக்கு வெளியே காருக்குச் சட்டம் தரும் வேகமே 70 கிலோமீற்றர்தான். பழைய மீட்டரில் அது 43, 44 மைலுக்குள் முடிந்துவிடும். வீட்டில் புதுக் காரும் பழைய காரும் வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கில்தான் அதிகம் தவறுகிறார்கள். 43 மைலுக்கு நேரே மீட்டர் கண்ணாடியில் சிவப்பு டேப் துண்டு ஒன்றை ஒட்டிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இனி எனக்கு அலுத்துப்போன அந்த வாதத்துக்கு வருகிறேன். "மீட்டரில் 80, 90 வரை போட்டிருக்கிறதே, அப்பா அந்தக் காலத்தில் 70இல் ஓடினாரே." சரி, ஓடியிருப்பார். 948 சிசி மைனரின் உச்ச வேகம் 70 மைலுக்குச் சற்று மேல் என்பது உண்மைதான். ஆனால் அது புதுக் காரை நல்ல வீதியில் கொஞ்ச நேரம் முழு மிதி மிதித்து அளந்த கணக்கு. அந்த எஞ்சின் எட்டக்கூடிய கடைசி எல்லை அது, மணிக்கணக்காக ஓட்டச் சொன்ன வேகம் இல்லை. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள்.

மைனருக்கு நான்கு கியர்தான். 948இன் நான்காவதில் ஆயிரம் சுற்றுக்கு ஏறக்குறைய 15 மைல் வேகம். 45 மைலில் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 தரம் சுற்றும், 60இல் 4000 தரம். ஆயிரம் சுற்றுத்தானே கூட என்று நினைக்காதீர்கள். பிஸ்டனும் கொன்ரொட்டும் மேலும் கீழும் வீசப்படும்போது பெயாரிங்கில் விழும் விசை சுற்று வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். வேகம் மூன்றிலொரு பங்கு கூடினால் விசை ஏறத்தாழ 1.8 மடங்கு. அதைத் தாங்க, எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்குக்கு இருப்பது மூன்றே மூன்று மெயின் பெயாரிங். ஹபரணை போய்ச் சேரும்வரை எஞ்சின் எத்தனை தரம் சுற்ற வேண்டுமோ அத்தனை தரம் சுற்றத்தான் போகிறது, மெல்லப் போனாலும் வேகமாகப் போனாலும். ஒவ்வொரு சுற்றும் எவ்வளவு பலமாக அடிக்கிறது என்பதுதான் கேள்வி. "எஞ்சின் புதுசாகச் செய்தது" என்பவர்களுக்கும் இதே பதில்தான். சிலிண்டரைப் போர் அடித்து, கிராங்கைக் கடைந்து, புதுப் பெயாரிங் போட்டாலும் மூன்று நான்காகாது. அப்படிச் செய்த எஞ்சினை முதல் ஆயிரம் கிலோமீற்றரில் 40 மைலுக்கு மேல் ஏற்றவே வேண்டாம்.

வோக்ஸ்வாகன் பீட்டில்காரர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். தங்கள் காரின் உச்ச வேகத்திலேயே நாள் முழுக்க ஓடலாம் என்று கம்பனியே சொன்னது என்பார்கள். சொன்னதுதான். ஆனால் அது காற்றால் குளிரும் எஞ்சின். பழைய மொடல்களில் ஒயில் கூலர் மறைப்பதால் மூன்றாம் சிலிண்டருக்குக் காற்று குறைவு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நடுப்பகலில் அக்போபுரப் பக்கம் விரட்டிப் பாருங்கள், எந்தச் சிலிண்டர் முதலில் பழுதாகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கச்சான் என்றதும் இன்னொன்று. அது தென்மேற்கிலிருந்து வருகிறது, நாங்கள் ஹபரணைக்குப் போவதும் தென்மேற்கே. எதிர்க்காற்றில் அதே 43 மைலைப் பிடிக்க அக்சலேட்டரை இன்னும் அழுத்த வேண்டியிருக்கும், எஞ்சின் சூடாகும். அந்த மாதங்களில் முள்ளைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். பாதி மிதிக்கு மேல் போனால் வேகத்தை விட்டுக்கொடுங்கள். முடிந்தால் விடியப்புறம் கிளம்புங்கள்.

பெற்றோல் விஷயமும் இருக்கிறது. 2002இல் ஈயம் சேர்த்த பெற்றோல் நின்றது. பழைய இரும்பு ஹெட்டில் வால்வு உட்காரும் இடத்துக்கு அந்த ஈயம்தான் காவல். நகருக்குள் மெதுவாக ஓடும் காரில் தேய்மானம் பெரிதாகத் தெரியாது, நீண்ட வீதியில் வேகமாக ஓடும் காரில்தான் வால்வு உள்ளே இறங்கும். வால்வை அசைக்கும் டெப்பட்டின் இடைவெளி அடிக்கடி குறைகிறது என்றால் காரணம் இதுதான். கடினமான வால்வு சீற் போட்டுக்கொள்ளுங்கள், போடும்வரை மிதமாக ஓட்டுங்கள்.

எந்தக் காருக்கு எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு: 803 சிசி மைனர் 60 கிலோமீற்றர், 948 என்றால் 65 முதல் 70, 1098 எஞ்சின் 70ஐச் சிரமமில்லாமல் பிடிக்கும். ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் போன்ற ஒன்றரை லீற்றர்க் கார்கள் அதற்கு மேலும் முனகாமல் ஓடும், ஆனால் சட்டம் 70தான், பிரேக்கும் அந்தக் காலத்துப் பிரேக்தான்.

எஞ்சினை விட எனக்குப் பயம் அந்தப் பிரேக்கில். நான்கு சில்லுக்கும் ட்ரம் பிரேக், எல்லாம் ஒரே குழாய்த் தொடர். ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் போச்சு. மிதியை அழுத்தும்போது பிரேக் ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் மைனரில் டிரைவரின் காலுக்குக் கீழே, தரையோடு, கண்ணில் படாமல் இருக்கிறது. திருகோணமலை உப்புக் காற்றில் இரும்புப் பிரேக் பைப் வெளியே நல்ல நிறத்தில் இருக்கும், கிளிப்புக்கு அடியில் துருப்பிடித்து மெலிந்திருக்கும். கிளிப்பைக் கழற்றிப் பாருங்கள். கழற்றாமல் "பார்த்தாச்சு" என்று சொல்லும் மெக்கானிக்கை நம்ப வேண்டாம். 100 கிலோமீற்றரில் வரும் காரை நிறுத்த 70இல் வருவதைப்போல இரண்டு மடங்கு சக்தியைப் பிரேக் விழுங்க வேண்டும். பொழுதுபட்டபின் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் யானை வீதிக்கு ஏறும்போது இந்தக் கணக்கைப் போட நேரம் இருக்காது.

ரயரில் நான்கு இலக்கத் திகதி இருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். பூ நன்றாக இருக்கிறது என்று பத்து வருட ரயரில் கொழும்புக்குக் கிளம்பாதீர்கள். முன் சஸ்பென்ஷனின் கீழ்த் திருகு மூட்டுக்குக் கிரீஸ் அடித்தீர்களா? அது கழன்றால் முன்சில்லே மடிந்துவிடும்.

கடைசியாக ஒரு கெஞ்சல். பெரும்பாலான மைனர்களில் ஒயில் அழுத்தத்துக்கு முள் இல்லை, ஒரு சின்ன விளக்குத்தான். ஓடிக்கொண்டிருக்கும்போது அது எரிந்தால் ஏற்கெனவே தாமதம். கியரை நியூட்ரலுக்கு எடுத்து, சாவியை நிறுத்தி, ஓரமாக உருட்டி விடுங்கள். அடுத்த கராஜ் எவ்வளவு தூரம் என்று பார்க்க வேண்டாம், அங்கிருந்தே கூப்பிடுங்கள். லொறிக் கூலி கிராங்கை விட மலிவு.