மாஸ்க் போட்டுத்தானே மாஸ்டர் ஒட்டினேன்

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு போன். என்னிடம் தோல் வேலை கற்றுக்கொண்டு போன பெண். இருபது பாஸ்போர்ட் கவருக்கு ஆர்டர் வந்திருக்கிறது. கூடத்தில் டிவி ஓடுகிறது என்று படுக்கையறைக் கதவைச் சாத்தி, ஏசியைப் போட்டு, தரையில் உட்கார்ந்து சொல்யூஷன், அதாவது தோல் ஒட்டும் ரப்பர் பசை, தடவியிருக்கிறார். மூன்று மணி நேரத்தில் தலை கிறுகிறுத்து, வாந்தி எடுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறார். இரண்டு வயதுக் குழந்தை அதே அறையில் பாயில் தூங்கிக்கொண்டிருந்ததாம். நல்லவேளை, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. என்ன ஏது என்று நான் கேட்பதற்குள் அவரே முந்திக்கொண்டார்: "மாஸ்க் போட்டுத்தானே மாஸ்டர் ஒட்டினேன்!"

இரண்டு வருஷத்தில் இந்த வாக்கியத்தை என்னிடம் சொன்ன மூன்றாவது ஆள் இவர். வகுப்பில் வாயால் சொல்லிப் பார்த்துவிட்டேன். சுவரில் எழுதியும் ஒட்டியாகிவிட்டது. இனி இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

நான் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஷூ கம்பெனிகளில் கட்டிங், சீவல், பேஸ்டிங் என்று எல்லா டேபிளிலும் உட்கார்ந்து எழுந்தவன். இப்போது சென்னையில் சின்னதாக ஒரு பட்டறை, ஞாயிறுகளில் வகுப்பு. வருகிறவர்களில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள். கருவி வாங்குவதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. தையல் துளை போடும் பஞ்ச் ஜப்பானிலிருந்து வரும், நூல் பிரான்ஸிலிருந்து வரும். என் கத்தியைவிட அவர்கள் கத்திக்கு விலை பத்து மடங்கு. பெரியமேட்டுக் கடைகளில் ஒரு துண்டுத் தோலை அரை மணி நேரம் தடவிப் பார்ப்பார்கள், மடக்குவார்கள், மோந்து பார்ப்பார்கள். அதே கையோடு சொல்யூஷன் கேட்கும்போது மட்டும் "ஏதோ ஒண்ணு கொடுங்கண்ணே." அந்த ஏதோ ஒன்றில்தான் வினை இருக்கிறது.

சரி, மாஸ்குக்கு வருகிறேன்.

கொரோனா காலத்தில் என்-95 மாஸ்க் வாங்கிப் பழகியதில் ஒரு கெடுதலும் நடந்துவிட்டது, அது எதையும் தடுத்துவிடும் என்ற நம்பிக்கை. அய்யா, அம்மா, அது தூசுக்கான மாஸ்க். தூசு, பஞ்சு, எச்சில் துளி, இப்படித் துகளாக மிதக்கிற எதையும் அது பிடிக்கும். சொல்யூஷனிலிருந்து வருவது துகள் இல்லை, ஆவி. காற்று எந்த வழியாக மாஸ்குக்குள் நுழைகிறதோ அதே வழியாக ஆவியும் நுழையும். கொசுவலைக்குள் படுத்துக்கொண்டால் ஊதுவத்தி வாசனை வராமல் இருக்குமா? நம்பிக்கை இல்லையென்றால் அந்த மாஸ்கைப் போட்டுக்கொண்டு சமையலறையில் நின்று பெருங்காய டப்பாவைத் திறந்து பாருங்கள். வாசனை வந்தால் ஆவி வருகிறது என்று அர்த்தம். இரண்டு மாஸ்க் போட்டாலும் வரும். ஈரத்துணியை மேலே கட்டினாலும் வரும். "விலை அதிகமான மாஸ்க் மாஸ்டர்" என்று ஒருவர் சொன்னார். விலை அதிகமானாலும் வரும்.

ஆவிக்கென்று தனி முகமூடி உண்டு. ரப்பரில் முகத்தோடு ஒட்டி உட்காரும், இரண்டு பக்கமும் கரி நிரப்பிய குப்பி மாட்டியிருக்கும். பெயின்ட் ஸ்பிரே அடிப்பவர்கள் போடுவது. வாங்கும்போது கரிம ஆவிக்கான குப்பியா என்று கேட்டு வாங்குங்கள். தாடி வைத்தவர்களுக்கு அது சரியாகப் பொருந்தாது, ஓரத்தில் ஒழுகும். திறந்த அலமாரியில் போட்டுவைத்தால், நீங்கள் வேலை செய்யாத நாளிலும் கரி அறையிலுள்ள ஆவியை உறிஞ்சித் தீர்ந்துபோகும். இறுக்கி மூடும் டப்பாவில் வையுங்கள், வாசனை உள்ளே வர ஆரம்பித்தால் குப்பியை மாற்றுங்கள். அவ்வளவு செய்தாலும் அது ஜன்னலுக்கு மாற்று ஆகாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், என்-95 உண்மையிலேயே தேவைப்படும் இடத்தில் ஒருவரும் அதைப் போடுவதில்லை. ஓரத்தை உப்புத்தாளில் தேய்க்கும்போதும், பஃபிங் சக்கரத்தில் பிடிக்கும்போதும் பறக்கிறதே தோல் தூசு, அதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் வகையில் சேர்த்திருக்கிறது. மூக்கின் உள்ளறைகளில் வருவது. அங்கே மாஸ்கைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஓரம் மழமழவென்று வந்துவிட்டதா என்று ஊதி ஊதிப் பார்ப்பார்கள்! ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

அடுத்த பதில் ஏசி. "ஏசி ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு?" நம் வீட்டு ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே இழுத்து, குளிராக்கி, திருப்பி உங்கள் முகத்தில் விடுகிறது. கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருப்பதால் ஏசி அறைதான் ஒட்டும் வேலைக்கு மிக மோசமான இடம். இன்னொன்று, இந்த ஆவிகள் காற்றைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கனம். மேலே எழும்பிப் போய்விடாமல் தரையை ஒட்டித் தேங்கும். நாம் வேலை செய்வது தரையில் சம்மணம் போட்டு. குழந்தை படுத்திருப்பது பாயில். அந்தப் பெண்ணுக்கு இதைச் சொன்னபோது போனில் சத்தமே இல்லை.

வாசனை குறைந்துவிட்டது என்பதையும் நம்பவேண்டாம். பத்து நிமிஷத்தில் மூக்கு பழகிவிடும். வெளியிலிருந்து வருகிறவர் "என்னடா இந்த நாத்தம்" என்றால் அவர் மூக்கை நம்புங்கள்.

இப்போது இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த முதல் ஆளைப் பற்றி. நல்ல கைராசி உள்ள தம்பி. ஆபீஸ் முடிந்து வந்து ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து பர்ஸ், சாவிக்கொத்து, லேப்டாப் உறை என்று செய்து இன்ஸ்டாகிராமில் விற்றுக்கொண்டிருந்தார். கம்பெனிகளிடமிருந்து நூறு, இருநூறு என்று தீபாவளிப் பரிசு ஆர்டர்கள் வேறு. ஒருநாள் பட்டறைக்கு வந்தார். படியேறும்போது ஒரு செருப்பு கீழ்ப்படியிலேயே கழன்று நின்றுவிட்டது. அவர் பாட்டுக்கு மேலே வந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டார். "தம்பி, செருப்பு" என்றேன். குனிந்து காலைப் பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது. நாலு மாதமாகப் பாதம் மரத்துப்போகிறது, விரல் நுனியில் எறும்பு ஊர்கிறது, மாடிப்படி ஏறினால் முழங்கால் மடங்குகிறது. சர்க்கரையாக இருக்கும் என்று பரிசோதித்தாராம், இல்லை. விட்டமின் மாத்திரை சாப்பிட்டுப் பார்த்தாராம். டாக்டர் என்ன வேலை என்று கேட்டதற்கு "கம்ப்யூட்டர்" என்று சொல்லியிருக்கிறார். முழுநேர வேலை அதுதானே, பொய்யில்லை. ராத்திரி நாலு மணி நேரம் பூட்டிய அறையில் சொல்யூஷன் டப்பாவோடு உட்கார்ந்திருப்பதை அவரும் சொல்லவில்லை, டாக்டரும் கேட்கவில்லை.

அவர் வைத்திருந்த டப்பாவில் பெரிதாக "டோலுவீன் இல்லாதது" என்று போட்டிருந்தது. டோலுவீன் கெடுதல் என்று படித்துவிட்டுத் தேடி வாங்கியதாம். அந்த அக்கறை நல்லதுதான். ஆனால் டோலுவீனை எடுத்துவிட்டால் ரப்பரைக் கரைக்க இன்னொன்று வேண்டுமே? பெரும்பாலும் ஹெக்சேன் கலந்த கரைப்பான் அந்த இடத்தில் வந்து உட்காரும். ஹெக்சேன் உடம்புக்குள் போனால் கை, கால் நரம்புகளைத் தின்னும். முதலில் பாதம், பிறகு கை. இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த சமாச்சாரம் கிடையாது. 1960களில் ஜப்பானில் வீட்டிலேயே உட்கார்ந்து செருப்பு ஒட்டிய தொழிலாளிகள் பலருக்குக் கால் விளங்காமல் போனது இதனால்தான். 2009ல் சீனாவின் சூச்சோ நகரில் போன்களின் தொடுதிரையை ஹெக்சேனால் துடைத்த தொழிலாளிகளுக்கும் இதே கதி. காரணம் ஒன்றுதான்: மூடிய அறை, தினமும், பல மணி நேரம்.

மறுவாரமே நரம்பு டாக்டரிடம் அனுப்பினேன், டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு போகச் சொல்லி. டப்பாவைப் பார்த்ததும் அவர் கேட்ட கேள்விகளே வேறாகிவிட்டதாம். நரம்பில் மின்னோட்டம் எப்படிப் போகிறது என்று சோதித்து, இதுதான் என்று சொல்லிவிட்டார். ஒட்டுவதை நிறுத்திய பிறகும் ஒன்றரை மாதம் கால் இன்னும் மோசமானது. தம்பி பயந்துவிட்டார். இந்த நோயில் அப்படித்தானாம், நிறுத்திய பிறகும் கொஞ்ச நாள் ஏறிவிட்டுத்தான் இறங்கும். ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது, படிக்கட்டுக் கைப்பிடியை விட்டுவிட்டு இறங்க.

சொல்யூஷனே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஷூவின் அடிப்பாகம் ஒட்டப் பெரும்பாலும் அதைத்தான் நம்பவேண்டியிருக்கிறது. ஆனால் நீங்கள் செய்வது பர்ஸும் பெல்ட்டும். பர்ஸைப் பிடித்து வைத்திருப்பது பசை என்று யார் சொன்னது? தையல்தான் தாங்குகிறது. தைத்து முடிக்கிற வரைக்கும் இரண்டு தோலும் நகராமல் இருக்கத்தான் பசை. அதற்கு விளிம்பில் 5 மில்லிமீட்டர் தடவினால் போதும். முழுப்பரப்பிலும் வெண்ணெய் மாதிரி அப்புவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தோலும் விறைக்கும், காசும் போகும், மூச்சும் போகும். முக்கால்வாசி வேலைக்கு, கரைப்பானுக்குப் பதில் தண்ணீரை வைத்தே தயாரித்த பசை போதும். சென்னைப் புழுக்கத்தில் காய நேரம் எடுக்கும், கிளிப் போட்டுவிட்டுக் காபி குடித்துவிட்டு வாருங்கள். மெல்லிய டபுள் சைடு டேப்பும் நன்றாக வேலை செய்யும், ஆம்பூரில் ஷூவின் மேல்பாகத்துக்கே அதைத்தான் பல இடத்தில் ஒட்டுகிறார்கள்.

சொல்யூஷன் இல்லாமல் முடியாது என்றால் பால்கனி, மொட்டை மாடி, வராந்தா. அறைதான் கதி என்றால் எதிரெதிர் ஜன்னல் இரண்டையும் திறந்து, காற்று உங்கள் முதுகிலிருந்து வந்து டப்பாவைத் தாண்டி வெளியே போகும்படி மின்விசிறி வையுங்கள். பெரிய டப்பாவிலிருந்து சின்னக் கிண்ணத்துக்கு வேண்டிய அளவு மட்டும் எடுத்து மூடுங்கள். தடவிய துண்டுகள் காயும்போதுதான் ஆவி அதிகம் கிளம்பும், அவற்றையும் வெளியிலேயே வையுங்கள். கையில் ஒட்டியதைத் தின்னர் ஊற்றிக் கழுவுகிற பழக்கத்தை இன்றோடு விடுங்கள், தோல் வழியாகவும் அது உள்ளே போகும். தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தால் உருண்டு வந்துவிடும். கருவுற்றிருக்கும் பெண்கள் தயவுசெய்து சொல்யூஷன் பக்கமே வரவேண்டாம். தைக்க, வெட்ட, வடிவமைக்க எவ்வளவோ வேலை இருக்கிறது.

நெருப்பைத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது. ஹெக்சேன் ஆவி பற்றிக்கொள்ள நம் ஊர் வெயில்கூட வேண்டாம், ஐஸ் பெட்டிக்குள் இருக்கும் குளிரிலேயே பற்றும். டப்பாவைத் திறந்துவைத்துவிட்டு நூல் முனையை லைட்டரால் கருக்குகிறவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். முதலில் மூடி, அப்புறம் லைட்டர். நாற்றம் போகட்டும் என்று சாம்பிராணி போட்ட மகராசனும் உண்டு!

நெருப்பு என்றதும் இன்னொன்று. அசல் தோலா என்று பார்க்க ஓரத்தைக் கொளுத்திப் பார்க்கிறார்கள். குரோம் போட்டுப் பதனிட்ட தோலை எரிக்கும்போது அதிலிருக்கும் குரோமியம் நச்சு வடிவத்துக்கு மாறக்கூடும். வெட்டிய விளிம்பில் நார் தெரிகிறதா, துணி தெரிகிறதா என்று பாருங்கள், விஷயம் முடிந்தது.

கத்தியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தனிக் கட்டுரை ஆகிவிடும். வருகிறவர்கள் எல்லோரும் புதுக் கத்தியைக் கண்டு பயந்து, மழுங்கிய கத்தியோடுதான் நிம்மதியாக இருக்கிறார்கள். கையை வெட்டிக்கொண்டு தையல் போட்டு வருவதும் அந்த மழுங்கிய கத்தியால்தான். அமுக்க அமுக்க ஒருநாள் வழுக்கும், எதிரே இடது கை இருக்கும். ஒடித்து ஒடித்துப் புது முனை எடுக்கிற கத்தியை 1956லேயே ஜப்பானில் ஒருவர் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார். ஒரு கட்டம் ஒடிக்க ஏன் இவ்வளவு கஞ்சத்தனம்?

கையோ காலோ மரத்துப்போனால், தொடர்ந்து தலைவலித்தால், டாக்டரிடம் சம்பளம் வாங்கும் வேலையை மட்டும் சொல்லாதீர்கள். ராத்திரி என்ன செய்கிறீர்கள், எங்கே உட்கார்ந்து செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள். டப்பாவை போட்டோ எடுத்துக் காட்டுங்கள்.

அந்தத் தம்பி இப்போது மறுபடியும் பர்ஸ் செய்கிறார், பால்கனியில். போன கார்த்திகையில் நல்ல மழை. போன் வந்தது.

"மாஸ்டர், பால்கனி பூரா தண்ணி. நாளைக்கு டெலிவரி. இன்னைக்கு ஒரு ராத்திரி மட்டும் உள்ளே ஒட்டிக்கவா?"

"நேத்து ஒட்டினது இருக்கா?"

"பதினெட்டு இருக்கு."

"அதைத் தை."