தேதி நின்றது, சூரியன் நகர்ந்தது

இலங்கைத் தமிழர் கிறிஸ்துமஸை நத்தார் என்பார்கள். போர்த்துக்கீசியரின் 'நத்தால்' அங்கே நத்தார் ஆயிற்று. அதற்கு மூலம் லத்தீனின் 'நத்தாலிஸ்'. பிறந்த நாள் என்று பொருள். யாருடைய பிறந்த நாள்?

கி.பி. 354-ஆம் ஆண்டுக்கான ரோமானிய நாள்காட்டித் தொகுப்பு ஒன்று பிற்காலப் பிரதிகளாகக் கிடைத்திருக்கிறது. அதில் டிசம்பர் 25-க்கு நேரே, 'வெல்லப்படாதவனின் பிறந்த நாள், 30 தேர்ப் பந்தயங்கள்' என்ற குறிப்பு. வெல்லப்படாதவன் என்றால் சூரிய தேவன். 274-இல் பேரரசர் ஆரேலியன் அவனுக்கு ரோமில் கோயில் எழுப்பியிருந்தார். அதே தொகுப்பின் வேறொரு பட்டியலிலோ, அதே நாளில் கிறிஸ்து பெத்லகேமில் பிறந்தார் என்றிருக்கிறது.

யார் யாரைப் பார்த்து நாள் குறித்தார்கள் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. மரியாள் மார்ச் 25-இல் கருவுற்றதாகக் கொண்டு ஒன்பது மாதம் எண்ணினார்கள் என்போரும் உண்டு. எனக்கு அந்த வழக்கைவிட 25 என்ற எண்தான் வேடிக்கையாக இருக்கிறது. சூரியன் தெற்கு எல்லையைத் தொட்டுத் திரும்பும் நாள், ஆண்டின் மிகக் குறுகிய பகல், ரோமானியர் மரபில் டிசம்பர் 25. இன்றோ அது டிசம்பர் 21 அல்லது 22.

சீசரின் நாள்காட்டி ஆண்டுக்கு 365¼ நாள் என்றது. உண்மையில் அதைவிடச் சுமார் 11 நிமிடம் குறைவு. ஏறக்குறைய 128 ஆண்டுகளில் அது ஒரு முழு நாளாகிவிடும். 1582-இல் போப் 13-ஆம் கிரகோரி 10 நாள்களை வெட்டினார். அக்டோபர் 4-க்கு மறுநாள் 15. ஆனால் அவர் சீசர் காலத்துக்குத் திரும்பவில்லை, 325-ஆம் ஆண்டு நிலைக்கே திருப்பினார். அதற்குள் நழுவியது நழுவியதுதான். (தை முதல் நாளை நாம் உத்தராயணம் என்பதும் ஒரு நழுவலே; அங்கே காரணம், பூமியின் அச்சு பம்பரம்போல் மெல்லத் தலையாட்டுவது.)

வடக்கே பெயரே மாறவில்லை. கிறிஸ்தவத்துக்கு முந்தைய 'யோல்' விழாவின் பெயரில்தான் சுவீடன்காரர் இன்றும் கிறிஸ்துமஸை 'யூல்' என்கிறார்கள்.

1497 கிறிஸ்துமஸ் சமயத்தில் வாஸ்கோ ட காமா தென்னாப்பிரிக்கக் கரையோரம் சென்றபோது அதற்கு நத்தால் என்று பெயரிட்டார். 1860-இல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர்கள் இறங்கிய நேட்டால் அதுதான். அங்கே டிசம்பர் என்றால் நடுக்கோடை.