உருகித் தேயும் அலுமினியத்தை அளப்பது எப்படி?

திருப்பாதிரிப்புலியூரிலோ மஞ்சக்குப்பத்திலோ மிக்ஸி பழுது பார்ப்பவர் மோட்டாரைப் பிரித்ததும் கார்பனைப் பார்ப்பார். சுழலும் ஆர்மேச்சரை உரசியபடியே மின்சாரம் கொடுக்கும் அந்தக் கட்டை எவ்வளவு குட்டையாகியிருக்கிறதோ, அவ்வளவு தேய்மானம். பல வருட உரசலை ஒரு ஸ்கேலால் அளந்துவிடலாம். மின்சார விசையால் குண்டை ஏவும் ரயில்கன் எனப்படும் மின்காந்த ஏவியில் உரசல் சில மில்லி வினாடிகளில் முடிந்துவிடுகிறது. அங்கே ஸ்கேல் பொய் சொல்லும்.

அந்த ஏவியின் குழலுக்குள் இரண்டு தாமிரத் தண்டவாளங்கள், நடுவே இரண்டையும் தொட்டபடி முன்னே பாயும் ஓர் அலுமினியத் துண்டு. இதற்கும் ஆர்மேச்சர் என்றே பெயர். பத்து லட்சம் ஆம்பியர் பாய்ந்தால் சுமார் 25 டன் எடைக்கு நிகரான விசை அதைத் தள்ளும். வினாடிக்கு 2.5 கிலோமீட்டர் வேகம் என்றால், அதே வேகத்தில் கடலூரிலிருந்து புதுச்சேரி போக பத்து வினாடிகூட ஆகாது. அமெரிக்கக் கடற்படை 2010 டிசம்பரில் 33 மெகாஜூல் ஆற்றலில் சுட்டுக் காட்டி, 2021-ல் திட்டத்தை நிறுத்தியது. குழலின் தேய்மானம் அதைத் துரத்திய பெரிய சிக்கல்களில் ஒன்று.

வேகம் கூடக்கூட மின்னோட்டம் ஆர்மேச்சரின் பின் விளிம்பில் குவிகிறது. 660 டிகிரியில் அலுமினியம் உருகி மெல்லிய படலமாகிறது. வழுக்கிச் செல்ல உதவுவதும் மின்சாரத்தைக் கடத்துவதும் அந்தப் படலமே. அது அறுந்தால் மின்வில் (இடைவெளியைத் தாண்டிப் பாயும் மின்பொறி) மூண்டு தண்டவாளத்தைப் பொசுக்கும்.

தேய்ந்த அலுமினியத்தில் ஒரு பகுதி தண்டவாளத்திலேயே படிந்துவிடுகிறது. அதனால் மேற்பரப்பு மேடாகி, தேயவே இல்லாததுபோல் காட்டும். தாமிரம் உருக 1085 டிகிரி வேண்டும். ஆனால் உருகிய அலுமினியம் அதற்கு வெகு முன்பே தாமிரத்தைக் கரைத்துப் பள்ளம் பறிக்கிறது. எனவே முதலில் தண்டவாளத்தை எடை போட்டு, பிறகு காஸ்டிக் சோடாவால் அலுமினியத்தை மட்டும் கரைத்து, மறுபடி எடை பார்க்க வேண்டும். தாமிரம் அதில் கரையாது. எடை குறைந்த அளவுதான் படிந்த அலுமினியம். அது நீங்கிய பிறகுதான் பள்ளத்தின் உண்மையான ஆழம் தெரியும்.

நான் அதிகம் நம்புவது குழல் வாயில் எடுக்கும் மின்னழுத்த அளவை. ஆர்மேச்சருக்கு முன்னால் உள்ள தண்டவாளத்தில் மின்னோட்டம் இல்லை. ஆகவே வாயில் தெரியும் வோல்ட், பெரும்பாலும் ஆர்மேச்சரிலும் அதன் தொடுமுனைகளிலும் விழும் வோல்ட்டே. தொடர்பு நன்றாக இருக்கும்வரை அது தாழ்ந்தே இருக்கும். படலம் அறுந்த கணத்தில் செங்குத்தாக எகிறும். குழல் நெடுக வைத்த சிறு கம்பிச்சுருள்கள் அந்தக் கணத்தில் ஆர்மேச்சர் எங்கே இருந்தது என்று சொல்லிவிடும். சரியாக அந்த இடத்தில் தண்டவாளத்தை அறுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கலாம்.