பல்லாங்குழியை வினாத்தாள் ஆக்காதீர்கள்

கணக்கில் தடுமாறுகிற தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளோடுதான் என் வேலை. சிறப்புக் கல்வியாளர் என்று வாசல் பலகையில் போட்டிருக்கும். வருகிற பெற்றோரில் பாதிப்பேர் கேட்பது, "போனை வாங்கி வெச்சுட்டா வேற என்ன மேடம் குடுக்கறது? நல்ல எஜுகேஷனல் டாய்ஸ் இருந்தா சொல்லுங்க." காந்த எண்கள், ஃபிளாஷ் கார்டு, மரப்பலகை என்று ஆன்லைனில் பார்த்துவைத்த படங்களையும் அதே போனில் காட்டுவார்கள். வாங்காதீர்கள் என்று சொல்லமாட்டேன், ஆனால் முதலில் இரண்டு கை புளியங்கொட்டை கொண்டுவாருங்கள் என்பேன்.

நூறு வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற பிள்ளையிடம் "இதுல ஏழு எடுத்துக் குடு" என்றால் ஒன்பது வரும், சில சமயம் ஒரு கைப்பிடியே வரும். வாய் ஒரு வேகத்தில் போகும், கை வேறு வேகத்தில் போகும், இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. ஒரு எண்ணுக்கு ஒரு பொருள் என்பது கைக்குப் பழகாமல் கூட்டல், கழித்தல் எல்லாம் வெறும் மனப்பாடம்தான். பல்லாங்குழி முழுக்க இந்த ஒரு வேலைதான்: குழிக்கு ஒன்று, குழிக்கு ஒன்று என்று விட்டுக்கொண்டே போவது.

ஊருக்கு ஊர் விதி மாறும். ஆளுக்கு 7 குழி, குழிக்கு 5 காய், ஆக 70 காய் என்பது பரவலான கணக்கு. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அத்தனை வேண்டாம், ஆளுக்கு மூன்று குழியில் தொடங்கலாம். பலகை இல்லையென்றால் முட்டை அட்டையை வெட்டிக்கொள்ளுங்கள், அதுவும் இல்லையென்றால் தரையில் சாக்பீஸ் வட்டம் போதும்.

சிக்கல் இதற்கப்புறம்தான் வருகிறது. ஓர் அப்பா என் அறையில் உட்கார்ந்து மகனோடு ஆடினார். பையன் ஒவ்வொரு காய் போடும்போதும் "எத்தனை ஆச்சு? இப்ப எத்தனை? மிச்சம் எத்தனை சொல்லு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பையன் கொஞ்ச நேரத்தில் குழியைப் பார்ப்பதையே விட்டுவிட்டு அப்பா முகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான், சொன்ன பதில் சரியா தப்பா என்று அங்கேதானே தெரியும்! அந்த நிமிஷத்தோடு விளையாட்டு முடிந்தது, பரீட்சை தொடங்கிவிட்டது.

நான் சொல்லித்தருவது ஒரே ஒரு விதி. உங்கள் முறை வரும்போது நினைப்பதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்கள். "இந்தக் குழியில அஞ்சு இருக்கு, எடுத்தா கடைசிக் காய் அங்க விழும், ஐயோ அது உனக்கு லாபமாப் போகுமே, வேண்டாம், பக்கத்துக் குழிய எடுக்கறேன்." பிள்ளையின் முறை வரும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள். தப்பாகப் போட்டாலும் சரி, ஒரு குழியைத் தாண்டிவிட்டாலும் சரி, உடனே திருத்த வேண்டாம். இது கேட்க எளிது, செய்யத்தான் பெரியவர்களுக்கு உயிர் போகிறது. சில வாரம் இப்படி ஆடினால், நிறையப் பிள்ளைகள் காயை எடுப்பதற்கு முன்னாலேயே விரலைக் குழிகளுக்கு மேல் காற்றில் நகர்த்தி, உதட்டை அசைத்துக் கடைசிக் காய் எங்கே விழும் என்று பார்ப்பதைக் காணலாம். மனக்கணக்கு அங்கே தொடங்குகிறது.

பரமபதம் உள்ள வீடுகளுக்கு இன்னொன்று. கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் என்ற உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஏழைக் குடும்பத்து மழலையர்களிடம் நடத்திய ஆய்வை 2008-இல் வெளியிட்டார்கள். 1 முதல் 10 வரை ஒரே வரிசையில் எழுதிய கட்டங்களில் காய் நகர்த்தும் விளையாட்டு, ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிஷம், இரண்டு வாரத்துக்குள் நான்கே தடவை. பிள்ளைகளின் எண்ணறிவு கூடியது, 9 வாரம் கழித்தும் அது குறையவில்லை. எண்ணுக்குப் பதில் நிறம் போட்ட கட்டங்களில் ஆடியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. நம் வீட்டில் இதற்குச் செய்ய வேண்டியது சின்ன மாற்றம்தான்: காய் 23-இல் இருந்து மூன்று விழுந்தால் "ஒன்னு, ரெண்டு, மூணு" என்று நகர்த்தாமல் "இருபத்தி நாலு, இருபத்தி அஞ்சு, இருபத்தி ஆறு" என்று கட்டத்தில் உள்ள எண்ணையே சொல்லி நகர்த்துங்கள். பரமபதத்தில் வரிசை வளைந்து வளைந்து மேலே ஏறுவது சின்னப் பிள்ளைகளைக் குழப்பும், அவர்களுக்குத் தரையில் நேர்கோடாக 1 முதல் 10 வரை எழுதினால் போதும்.

எட்டு வயதுக்கு மேல் என்றால் தாயம். இரண்டு கட்டைகளில் விழுவதைக் கூட்டி, விழுந்ததை எந்தக் காய்க்குக் கொடுப்பது, யாரை வெட்டுவது, யாரை மலையில் பத்திரமாக உட்காரவைப்பது என்று முடிவெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தாயம் விழும் வரை காய் இறங்காது என்பதைச் சில பிள்ளைகளால் தாங்கவே முடியாது, பலகையைக் கலைத்துவிட்டு அழுவார்கள். அழட்டும். வேண்டுமென்றே தோற்றுக்கொடுப்பதை நான் ஆதரிப்பதில்லை, பிள்ளைகள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்குப் பதில், தொடங்கும்போதே அவர்கள் காய் ஒன்றை இறக்கிவைத்துவிட்டு ஆடலாம்.

சமையலறையிலும் பஸ்ஸிலும் எதையும் விரிக்க முடியாது, அங்கே சொல் விளையாட்டு. கடைசி எழுத்தில் அடுத்த சொல்: மரம் என்றால் 'ம' வரிசையில் ஏதாவது, மயில் என்றால் 'ல'வில் லட்டு. வான், மீன் என்று யாராவது சொன்னால் அடுத்தவர் மாட்டினார், 'ன'வில் தொடங்கச் சொல் கிடையாதே. இதைக் கண்டுபிடித்த பிள்ளை அப்புறம் 'ன்'னில் முடிகிற சொல்லாகவே தேடித்தேடிச் சொல்லும். நீங்கள் நாலு தடவை தோற்பீர்கள், பரவாயில்லை.

ஒரு எச்சரிக்கை. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் புளியங்கொட்டை, சோழி, கூழாங்கல் எதுவும் அதன் கைக்கு எட்டக்கூடாது, மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். ஆடி முடித்ததும் எண்ணி டப்பாவில் போடுங்கள் (அதையும் பெரிய பிள்ளையே செய்யட்டும்).

திரை எவ்வளவு நேரம் என்றும் கேட்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது, இரண்டு வயதுக்குள் பார்க்கவே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பதுதான். விளையாடுகிற அந்த அரைமணி நேரம் உங்கள் போனும் வேறு அறையில் இருக்கட்டும்.

இதெல்லாம் மாதக்கணக்கில் செய்தும், இரண்டாம் வகுப்பு முடிக்கிற பிள்ளை பத்துக் காயைப் பிழையில்லாமல் எண்ணத் திணறினால், "சோம்பேறி" என்று திட்டாமல் ஒரு மதிப்பீட்டுக்கு அழைத்துப்போங்கள். கணக்கில் மட்டும் வரும் கற்றல் குறைபாட்டுக்கு டிஸ்கால்குலியா என்று பெயர், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் அது இருக்கிறது. முறையான சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் சலுகைகள் கேட்கலாம், ஆனால் பத்தாம் வகுப்பில் ஓடிவருவதைவிட மூன்றாம் வகுப்பிலேயே வந்தால் எங்களுக்கும் பயிற்சி கொடுக்க நேரம் கிடைக்கும்.