ஆஸ்திரேலியாவில் இனப் பாகுபாடு: புகார் எங்கே, எப்படிக் கொடுப்பது?

சிட்னியில் வாடகை வீடு தேடுகிறீர்கள். போனில் ‘காலியாகத்தான் இருக்கிறது’ என்று சொன்னவர், நேரில் உங்களைப் பார்த்ததும் ‘இப்போதுதான் வேறொருவருக்குக் கொடுத்தோம்’ என்கிறார். அடுத்த வாரமும் அதே வீட்டுக்கு விளம்பரம் வருகிறது. இந்த மாதிரி விஷயத்துக்குப் புகார் கொடுக்க 1975இலேயே அங்கே ஒரு சட்டம் வந்துவிட்டது. இனப் பாகுபாட்டுச் சட்டம் என்று பெயர்.

இனம், தோல் நிறம், வம்சாவளி, எந்த நாட்டு அல்லது இனக்குழு வழிவந்தவர் என்பது, இவற்றை வைத்து வேலையிலோ, வாடகையிலோ, கடையிலோ, பொது இடத்திலோ ஒருவரைக் குறைத்து நடத்தக் கூடாது. இதில் பலருக்குத் தெரியாதது 18ஆம் பிரிவு. வீட்டுக்காரர் உங்களை மறுக்க நாலு காரணம் வைத்திருக்கலாம். அதில் ஒன்று உங்கள் இனமாக இருந்தாலே போதும், அதுதான் முக்கியக் காரணம் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. எல்லாருக்கும் பொதுவாகத் தோன்றி, ஓர் இனத்தவரை மட்டும் நியாயமில்லாமல் வெளியே தள்ளுகிற விதிமுறையும் பாகுபாடுதான்.

மதம் இதில் வராது. சீக்கியர்களையும் யூதர்களையும் இனக்குழுவாகப் பார்ப்பதால் அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. முஸ்லிம் என்பதற்காக மட்டும் ஒருவரை ஒதுக்கினால் இந்தச் சட்டம் உதவாது, மாநிலச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். சாதி? அந்தச் சொல்லே சட்டத்தில் இல்லை. ஆனால் ‘வம்சாவளி’ என்பதில் சாதியும் அடங்கும் என்று ஐ.நா.வின் இனப் பாகுபாடு ஒழிப்புக் குழு 2002இல் விளக்கம் கொடுத்திருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் இதைக் கவனித்து வைத்துக்கொள்வது நல்லது.

1995இல் சேர்ந்த 18சி பிரிவு பேச்சைப் பற்றியது. இனத்தைக் காரணமாக வைத்துப் பொதுவெளியில் ஒருவரைப் புண்படுத்துவதும், அவமதிப்பதும், மிரட்டுவதும் சட்டவிரோதம். ஆனால் குற்றம் அல்ல. போலீஸ் வந்து பிடிக்காது, ஜெயிலும் கிடையாது. கலைப் படைப்பு, ஆய்வு, நியாயமான விமர்சனம் ஆகியவை நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டால் 18டி பிரிவு விலக்குத் தருகிறது. 2017இல் 18சியைத் தளர்த்த நடந்த முயற்சி செனட்டில் தோற்றது.

சட்டம் எவ்வளவு உறுதியானது என்று கேட்டால், பாதிதான். ஜான் கோவார்ட்டா என்ற பூர்வகுடித் தலைவர் தம் மக்களுக்காக மேய்ச்சல் நிலக் குத்தகை வாங்கப் போனபோது குவீன்ஸ்லாந்து அரசு தடுத்தது. இந்தச் சட்டத்தைக் கொண்டு அவர் வழக்குப் போட்டார். சட்டம் செல்லும் என்று 1982இல் நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம் 4-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதாவது மாநில அரசையும் கட்டுப்படுத்தும். ஆனால் இது நாடாளுமன்றம் போட்ட சாதாரணச் சட்டம். அதே நாடாளுமன்றம் நிறுத்தியும் வைக்கலாம். 2007இல் ஆஸ்திரேலியாவின் வட பிரதேசத்துப் (நார்தர்ன் டெரிட்டரி) பூர்வகுடிகள் மீது சிறப்பு நடவடிக்கை எடுத்தபோது அப்படித்தான் செய்தார்கள். மீண்டும் நடைமுறைக்கு வர 2010 முடிய வேண்டியிருந்தது.

சரி, புகாருக்கு வருவோம். போக வேண்டிய இடம் ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையம். அங்கே இனப் பாகுபாட்டுக்கென்றே ஓர் ஆணையர் இருக்கிறார். 2024 மார்ச்சில் பொறுப்பேற்றவர் கிரிதரன் சிவராமன். பெயரைப் பார்த்ததும் அவருக்கே நேரடியாக எழுதிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். புகார்களைக் கையாள்வது ஆணையத் தலைவரின் பொறுப்பு. ஆணையரின் வேலை கொள்கை. இனவெறியை எதிர்க்கும் தேசியச் செயல்திட்டம் ஒன்றை 63 பரிந்துரைகளோடு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்டது. பரிந்துரை என்பதால் அரசைக் கட்டாயப்படுத்தாது.

புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். எழுத்தில் இருக்க வேண்டும், தமிழிலும் எழுதலாம். சம்பவம் நடந்து 24 மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள். தாமதமானால் ஆணையம் முடித்துவைத்துவிடலாம். தேதி, இடம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதை அன்றே குறித்து வையுங்கள். அந்த விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மாநில ஆணையங்களும் புகார் வாங்கும், ஆனால் ஒரே விஷயத்துக்கு இரண்டு இடத்திலும் போக முடியாது. யோசித்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆணையம் நீதிமன்றம் அல்ல, தீர்ப்புச் சொல்லாது. இரு தரப்பையும் பேச வைத்துச் சமரசம் செய்யப் பார்க்கும். மன்னிப்பு, இழப்பீடு, நிறுவன விதிமுறையில் மாற்றம் எனப் பலவிதமாக முடியலாம். அங்கே பேசியதைப் பின்னால் நீதிமன்றத்தில் சாட்சியமாகக் காட்ட முடியாது. அதனால் மனம்விட்டுப் பேசலாம். புகார் கொடுத்ததற்காக உங்களை வேலையிலிருந்து எடுத்தாலோ மிரட்டினாலோ, அது மட்டும் தனிக் குற்றம்.

சமரசம் படியாவிட்டால் ஆணையம் புகாரை முடித்துவைத்து அறிவிப்புக் கொடுக்கும். அன்றிலிருந்து 60 நாளுக்குள் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போகலாம். புகார் எந்தக் காரணத்தால் முடிக்கப்பட்டது என்பதைப் பொறுத்துச் சில சமயம் நீதிமன்றத்தின் அனுமதியும் தேவைப்படும். முன்பெல்லாம் தோற்றால் எதிர்த்தரப்பின் வக்கீல் செலவும் தலையில் விழும் என்ற பயத்தில் பலர் இங்கேயே நின்றுவிடுவார்கள். 2024இல் வந்த திருத்தத்தின்படி, வீண் வழக்குப் போட்டவர் போன்ற சில விலக்குகள் தவிர, தோற்றாலும் அந்தச் செலவு உங்களுடையது அல்ல. உங்கள் வக்கீல் கட்டணத்தை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.