அனியூரிசம்: கட்டியும் இல்லை, வீக்கமும் இல்லை

‘மூளையில் ரத்தக்கட்டி வெடித்தது.’ இப்படி ஒரு தலைப்பை எத்தனை முறைதான் பொறுத்துக்கொள்வது? வெடித்தது கட்டியே இல்லை. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியின் சுவர் ஓரிடத்தில் நலிந்து, உள்ளே ஓடும் ரத்தத்தின் அழுத்தம் தாங்காமல் வெளியே பிதுங்கி, ஒரு சிறு பையாக நிற்கிறது. அந்தப் பைக்குத்தான் அனியூரிசம் என்று பெயர். பை கிழிந்தால் மூளையைச் சுற்றி ரத்தம் பரவும். கிழியாமலேயே ஆயுள் முழுக்க இருந்துவிடுவதும் உண்டு. வயதுவந்தோரில் நூற்றுக்கு ஏறக்குறைய 3 பேருக்கு இது இருக்கிறது. பெரும்பாலானோருக்கு இருப்பதே தெரியாது.

சொல் கிரேக்கம். ‘யூரிஸ்’ என்றால் அகன்றது. ‘அனா’ என்ற முன்னொட்டு சேர்ந்து ‘அனியூரிஸ்மா’, அதாவது அகன்று விரிந்தது. லத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குப் போனது. பிறப்புக் கதை இவ்வளவுதான். தமிழில் அது படும் பாடுதான் பெரிய கதை.

முதல் குற்றவாளி ‘கட்டி’. தமிழில் இந்த ஒரு சொல் ஏற்கெனவே மூன்று வேலை பார்க்கிறது. புற்றுக்கட்டி, சீழ்க்கட்டி, உறைந்த ரத்தக்கட்டி. மூன்றுக்கும் பொது, ஏதோ ஒன்று திரண்டு கெட்டியாகி நிற்பது. அனியூரிசத்தில் அப்படி எதுவும் திரளவேண்டியதில்லை. உள்ளே இருப்பது ஓடுகிற ரத்தம், வெளியே இருப்பது மெலிந்த சுவர். ‘ரத்தக்கட்டி’ என்று கேட்ட உறவினர் அடுத்து என்ன கேட்பார்? ‘கரைக்க ஊசி போடலாமே டாக்டர், பக்கவாதத்துக்குப் போடுவார்களே?’ அடைப்பால் வந்த பக்கவாதத்துக்கு அந்த ஊசி உயிர் காக்கும். தமனிச் சுவர் கிழிந்து ரத்தம் கொட்டுபவருக்கு அதே ஊசி எமன். ஒரு சொல் நேர் எதிரான சிகிச்சையை மனத்தில் விதைக்கிறது என்றால் அது மொழிபெயர்ப்பா, பொறியா?

குழப்பத்துக்கு ஒரு நியாயமும் உண்டு, மறைக்கவேண்டாம். பை கிழிந்தபின் கொட்டிய ரத்தம் உறையும். அப்போது மருத்துவர் ‘தலைக்குள்ளே ரத்தம் கட்டியிருக்கு’ என்று சொன்னால் அது உண்மை. ஆனால் அது விளைவு. விளைவின் பெயரைக் காரணத்தின் தலையில் கட்டுவது சோம்பல்.

இரண்டாவது, ‘ரத்தநாள வீக்கம்’. படித்தவர்களின் தேர்வு என்பதால் இதன்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். வீக்கம் என்றதும் தமிழர் காதில் விழுவது என்ன? காலில் நீர் கோத்த வீக்கம், அடிபட்டுச் சிவந்த வீக்கம், இரண்டு நாளில் வற்றிவிடும் வீக்கம். வீக்கம் வடியும், அனியூரிசம் ஒத்தடத்துக்கும் மாத்திரைக்கும் வடியாது. போதாக்குறைக்குத் தமனியில் உண்மையாகவே அழற்சி வரும் நோய்கள் தனியாக இருக்கின்றன. அவற்றையும் பலர் ‘நாள வீக்கம்’ என்றே எழுதுகிறார்கள். அழற்சிக்கு ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அனியூரிசத்துக்குப் பையின் கழுத்தை இறுக்கிக் கிளிப் போடுவார்கள், அல்லது கம்பிச் சுருளால் உள்ளே நிரப்புவார்கள், அல்லது காத்திருந்து பார்ப்பார்கள். பெயர் மட்டும் ஒன்றாம். இதைவிட மோசம், ‘மூளை ரத்தநாள வீக்கம்’ என்ற நீண்ட தொடரைத் தலைப்பில் இடம் போதாமல் வெட்டுகிறார்கள். மிஞ்சுவது ‘மூளை வீக்கம்’. அது முற்றிலும் வேறு ஆபத்து. ‘நரம்பு வீக்கம்’ என்று எழுதுவோரும் உண்டு. பேச்சுவழக்கில் ரத்தக்குழாயையும் நரம்பு என்போம், ‘நரம்பு புடைக்கக் கத்தினான்’ என்போம், சரி. நரம்பியல் பற்றிய கட்டுரையிலுமா?

‘நாள விரிவு’ என்று கிரேக்க வேரை அப்படியே பிடித்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். வேருக்கு விசுவாசம், பொருளுக்குத் துரோகம். ரத்தக்குழாய் விரிவது அன்றாடம் உடம்பில் நடப்பது. சூடு பட்டால் விரியும், சில மருந்தாலும் விரியும். அடைத்த குழாயை பலூன் வைத்து விரிப்பதும் நல்லதற்கே. மூளையில் அதிகம் காணப்படும் வகையில் குழாய் முழுவதும் விரிவதில்லை. கிளை பிரியும் கவட்டில் ஒருபக்கச் சுவர் மட்டும் காம்பும் பழமுமாகத் தள்ளி நிற்கிறது.

என் தேர்வு ‘தமனிப் புடைப்பு’. அகராதியைப் புரட்டினால் புடைப்புக்கும் வீக்கம் என்று ஒரு பொருள் கிடைக்கும். வழக்கறிஞர்கள் அதைக் காட்டி வாதாடலாம். ஆனால் புழக்கத்தில் அந்தச் சொல் என்ன செய்கிறது என்று பாருங்கள். கோயில் சுவரில் உள்ளதைப் புடைப்புச் சிற்பம் என்கிறோம். சுவரோடு ஒட்டியது, சுவரால் ஆனது, சுவரிலிருந்து முன்தள்ளி நிற்பது. அனியூரிசத்துக்கு இதைவிடச் சரியான வரையறை மருத்துவ நூலில்கூட இவ்வளவு சுருக்கமாகக் கிடைக்காது.

‘நாளப் புடைப்பு’ என்று ஏன் சொல்லவில்லை? இலங்கைத் தமிழில் நாடி என்பது தமனி, நாளம் என்பது சிரை. இங்கே பொதுவாக ரத்தக்குழாய் என்று படிக்கப்படும் நாளம், அங்கே ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய் மட்டுமே. அங்குள்ளவர் ‘நாளப் புடைப்பு’ என்று படித்தால் காலில் சுருண்டு தெரியும் சிரையை நினைப்பார். தமனி வடசொல்தானே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தூய்மை எனக்கும் பிடிக்கும், தெளிவுக்கு அடுத்த இடத்தில். ‘நாடிப் புடைப்பு’ என்று இலங்கைத் தமிழர் எழுதினாலும் வரவேற்பேன்.

இத்தனை வாதம் எதற்கு என்றால், பெயர் சரியாக இருந்தால் எந்தப் பரிசோதனை, ஏன் என்பது பாதி புரிந்துவிடும். ‘ஸ்கேன் எடுத்தாச்சு, கட்டி எதுவும் இல்லை’ என்று நிம்மதியாகக் கிளம்புகிறவர்களைப் பார்க்கிறோம். எந்த ஸ்கேன்? மருந்து ஏற்றாமல் எடுக்கும் சாதாரண சிடி, கொட்டிய ரத்தத்தைக் காட்டும். இடி விழுந்ததுபோல் ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும் தலைவலிக்கு அதுதான் முதல் பரிசோதனை; தொடங்கி 6 மணி நேரத்துக்குள் நல்ல கருவியில் எடுத்துத் தேர்ந்தவர் பார்த்தால் கசிவு அநேகமாகத் தப்பாது. நேரம் போகப் போக அந்த உறுதி குறையும். சந்தேகம் தீராவிட்டால் முதுகுத்தண்டில் ஊசி செருகி நீர் எடுத்து, சிதைந்த ரத்தத்தின் மஞ்சள் சாயல் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். ஆனால் கிழியாத சிறு புடைப்பு சாதாரண சிடியில் பெரும்பாலும் தெரியாது. தேடுவது தமனிச் சுவரின் வடிவத்தை என்றால், தமனியைக் காட்டும் படம் வேண்டும்.

அந்தப் படத்துக்குப் பெயர் ஆஞ்சியோ. தமிழில் இதுவும் சிறைப்பட்ட சொல். ‘தலைவலிக்கு எதற்கு ஆஞ்சியோ? இதயத்தில் ஒன்றும் இல்லையே?’ கிரேக்கத்தில் ‘ஆஞ்சியான்’ என்றால் கலம், பாத்திரம். இதயம் அதில் எங்கும் இல்லை. லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் என்ற போர்ச்சுகீசிய மருத்துவர் மூளைத் தமனிகளைப் படம் பிடித்தது 1927இல். இதயத் தமனிக்குள் நேரே மருந்து செலுத்திப் படமெடுக்கும் முறை வந்ததோ 1958இல். ‘தமனி வரைவு’ என்று சொல்லி, முன்னால் மூளையா இதயமா என்று சேர்த்தால் தீர்ந்தது.

வரைவிலும் மூன்று வழி. சிடி ஆஞ்சியோ சில நிமிடத்தில் முடியும். ரத்தக்கசிவோடு வந்தவருக்குப் பெரும்பாலும் அடுத்தது இதுதான். கதிர்வீச்சு உண்டு, அயோடின் கலந்த மருந்து ஏற்றவேண்டும், சிறுநீரகம் பழுதானவருக்கு யோசிக்கவேண்டும், 3 மில்லிமீட்டருக்கும் சிறிய புடைப்பு தப்பலாம். எம்ஆர் ஆஞ்சியோவில் கதிர்வீச்சு இல்லை, மருந்தே ஏற்றாமலும் எடுக்கலாம். பெற்றோர், உடன்பிறந்தோரில் இரண்டு பேருக்கு இருந்து, தனக்கும் உண்டா என்று தேடுபவருக்கும், ஆண்டுக்கணக்கில் கண்காணிக்கப்படுபவருக்கும் பொருத்தம். ஆனால் அசையாமல் நெடுநேரம் படுக்கவேண்டும். உடம்பில் பேஸ்மேக்கரோ பழைய உலோகக் கிளிப்போ இருந்தால் முன்கூட்டியே சொல்லியே ஆகவேண்டும். இதையும் ‘கதிரியக்கச் சோதனை’ என்று எழுதுகிறார்கள்! கதிரியக்கம் யுரேனியத்தின் சமாசாரம். காந்தத்தையும் ரேடியோ அலையையும் வைத்து எடுக்கும் படத்துக்கு அந்தப் பெயர் எதற்கு? படிமவியல் என்று நல்ல சொல் இருக்கிறதே.

ஏற்றும் மருந்துக்கு நேர்ந்ததும் கொடுமைதான். ‘மாறுபாட்டு ஊடகம்’ என்று ஒரு மொழிபெயர்ப்பு உலவுகிறது. எதனோடு மாறுபாடு? எந்த ஊடகம்? வாசிப்பவர் தொலைக்காட்சியை நினைத்துக்கொள்வார். சாயம் என்பதும் சரியில்லை, அது எதற்கும் நிறம் ஏற்றுவதில்லை. குழாயைப் படத்தில் துலக்கமாகக் காட்டுவது அதன் வேலை. ‘துலக்கு மருந்து’ என்றால் போதும்.

மூன்றாவது வழிதான் மிக நுட்பமானது: தொடையிலோ மணிக்கட்டிலோ தமனிக்குள் மெல்லிய குழாய் செருகி, கழுத்து வரை கொண்டுபோய், துலக்கு மருந்து செலுத்தி எடுப்பது. டிஎஸ்ஏ என்பார்கள். மற்ற இரண்டும் தெளிவாகச் சொல்லாதபோதும், சிகிச்சைக்குத் திட்டமிடும்போதும் இதற்குப் போவார்கள். சிறிய அளவில் பக்கவாத ஆபத்து உண்டு என்பதால் எல்லோருக்கும் எடுத்த எடுப்பில் செய்வதில்லை. ஒப்புதல் படிவத்தில் இந்தக் குழாய்க்கு ‘வடிகுழாய்’ என்று இருக்கும். எதை வடிக்க? சிறுநீர்க் குழாய்க்கு அது பொருத்தமான சொல். இங்கே குழாய் மருந்தை உள்ளே கொண்டுபோகிறது. ‘செருகுகுழாய்’ என்று எழுதுங்கள். மூளைப் பரிசோதனைக்குச் சிறுநீர்க் குழாய் எதற்கு என்று நோயாளி செவிலியரைக் கேட்கவேண்டியிராது.